கேலிப்பருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா? - ஒரு குடவோலைப் பஞ்சாயத்து



ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம். ஆனா உண்மை வேற. ஒரு மாசமா எங்க வீட்ல ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருந்துச்சு, போன ஞாயித்துக்கெழமைதான் முடிஞ்சுது. சொத்துத் தகராறு இல்லீங்க. காரோட பிரேக் கேலிப்பருக்கு சிவப்புப் பெயிண்ட் அடிக்கலாமா, வேணாமா? அவ்ளோதான்.

"இதுக்கெல்லாம் ஒரு பதிவா?"னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

வண்டியைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். 2014 மாடல், வெள்ளை ஹேட்ச்பேக், ரெண்டாவது கை. பேரெல்லாம் வேணாம், உங்க தெருவுலயே ரெண்டு நிக்கும். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். ஏபிஎஸ் கிடையாது. நம்ம நாட்டுல 2019 ஏப்ரல்லேர்ந்துதான் எல்லாப் புதுக் காருக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆச்சு. நம்முது அதுக்கு முந்தின காலத்து ஆளு. வாரம் முழுக்க மெட்ராஸ்ல பொட்டி தட்டிட்டு, வெள்ளிக்கெழமை ராத்திரி உத்திரமேரூருக்கு வர்றதுக்கும், அப்பா அம்மாவைக் காஞ்சிபுரம், செங்கல்பட்டுன்னு ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிட்டுப் போறதுக்கும்தான் வண்டி.

இந்த வண்டிக்கு ரெண்டு மாசம் முன்னாடி அலாய் வீல் போட்டேன். அங்க ஆரம்பிச்சுது வினை. இரும்பு வீலும் பிளாஸ்டிக் கப்பும் இருந்தவரைக்கும் உள்ள என்ன இருக்குன்னே யாருக்கும் தெரியாது. அலாய் போட்டதும் ஜன்னலைத் தொறந்து வச்ச மாதிரி ஆயிடுச்சு. உள்ள எட்டிப் பாத்தா துருப்பிடிச்ச ஒரு இரும்புக் கட்டி, அது மேல கல்குவாரிப் புழுதி அப்பிக் கெடக்கு. புதுச் சட்டை போட்டுக்கிட்டு கிழிஞ்ச பனியன் தெரியற மாதிரி. என் தம்பி பாத்துட்டு, "அண்ணா, இதுக்கு சிவப்பு அடிச்சோம்னு வையி, வண்டி லுக்கே வேற"ன்னான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு.

கேலிப்பர்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு பத்தி. (தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க. எங்கம்மா "லேப்ல அளக்கறதுக்கு வச்சிருந்தியே, அதுவா?"ன்னு கேட்டாங்க. அது வெர்னியர் கேலிப்பர்மா!) சக்கரத்தோட சேந்து ஒரு இரும்புத் தட்டு சுத்தும், அது டிஸ்க். அந்தத் தட்டை ரெண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி கவ்விப் பிடிக்கறதுதான் கேலிப்பர். நம்ம மாதிரி சின்னக் கார்கள்ல பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும், உள்பக்கம். பிரேக்கை அழுத்தினா பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உள்பக்கத்துப் பேடை டிஸ்க் மேல அழுத்தும். அப்போ கேலிப்பர் மொத்தமா ரெண்டு பின்னு மேல வழுக்கி நகந்து, வெளிப்பக்கத்துப் பேடையும் இழுத்துட்டு வந்து டிஸ்க்ல அழுத்தும். இந்த வழுக்கற பின்னை ஞாபகம் வச்சுக்கங்க. கதையில வில்லன் இவர்தான்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன் நான். இந்தப் படத்தைப் பரீட்சையில பெரிய மார்க் கேள்விக்கு அழகா வரைஞ்சு, அம்புக்குறி போட்டு, பேரெல்லாம் எழுதிட்டு வந்திருக்கேன். ஆனா நிஜக் கேலிப்பரைக் கையால தொட்டது போன மாசம்தான். நம்ம படிப்போட லட்சணம் அது. சரி விடுங்க.

இப்ப சிவப்புக்கு வருவோம். கேலிப்பருக்கு ஏன் சிவப்பு? டிஸ்க் பிரேக்குங்கறதே பழைய சமாச்சாரம். இங்கிலாந்துல லான்செஸ்டர் 1902-லயே காப்புரிமை வாங்கிட்டார். ஆனா அதோட அருமை உலகத்துக்குத் தெரிஞ்சது 1953-ல. அந்த வருஷம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துல டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயிச்சுது. மத்த வண்டியெல்லாம் வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் அழுத்த, ஜாகுவார் கடைசி நேரம் வரைக்கும் வேகத்தைக் குறைக்காமப் போச்சு. அதுக்கப்புறம் 1961-ல ஆரம்பிச்ச இத்தாலிக் கம்பெனி பிரெம்போ, 1975-லேர்ந்து ஃபெராரியோட பந்தயக் கார்களுக்கு பிரேக் கொடுத்துச்சு. ரோட்ல ஓடற விலை உசந்த கார்கள்ல பிரெம்போவோட சிவப்புக் கேலிப்பர் ஒரு அடையாளமாவே ஆயிடுச்சு. நம்மூர்ப் பசங்க ஓட்டற டியூக் பைக்ல 'பைபர்'னு எழுதியிருக்குமே, அதுவும் பிரெம்போவோட குட்டிதான்.

போர்ஷேக்காரங்க இன்னும் ஒரு படி மேல. அவங்க கார்ல மஞ்சள் கேலிப்பர் பாத்தா உள்ள செராமிக் டிஸ்க் இருக்குன்னு அர்த்தம். பச்சைன்னா ஹைபிரிட். அங்க கலருங்கறது அலங்காரம் இல்லை, ஒரு தகவல். போலீஸ்காரர் தோள்பட்டையில இருக்கற நட்சத்திரம் மாதிரி. நட்சத்திரத்தைப் பாத்து இவர் இன்ஸ்பெக்டரா, எஸ்.ஐ.யான்னு தெரிஞ்சுக்கறோம் இல்லையா?

அப்போ என்னோட 2014 ஹேட்ச்பேக்குக்கு சிவப்பு அடிக்கறது? கடையில ரெண்டு நட்சத்திரம் வாங்கித் தோள்ல குத்திக்கிட்டு ரோட்ல நடக்கற மாதிரிதான். பேர்லயே 'கேலி' இருக்கே, கவனிச்சீங்களா? :-)

ஆனா இந்த வாதத்தை நான் முழுசா ஒத்துக்கலை. காரணம், எங்கப்பா.

எங்கப்பா ரிட்டயர்டு வாத்தியார். வண்டி மேட்டர்ல எப்பவும் எனக்கு எதிர்க்கட்சி. அதிசயமா இந்தத் தடவை, "கலர் அடிக்கறது தப்பில்லடா. தாத்தா மாட்டுக் கொம்புக்கு வருஷா வருஷம் அடிப்பாரு. ஒரு கொம்பு பச்சை, ஒரு கொம்பு சிவப்பு. அதனால மாடு வேகமா ஓடிச்சா? இல்ல. ஆனா மாட்டுப் பொங்கலுக்கு யாராவது கொம்பை வெறுமனே விட்டாங்களா?"ன்னார். அட, இதுவும் நியாயம்தானே! ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்ல சந்தனம் வைக்கறோம், லேப்டாப்புக்குக் குங்குமம் வைக்கறோம். அது வேலையைக் கூட்டாது. நம்மகூட உழைக்கற ஒரு பொருளுக்கு நாம பண்ற மரியாதை.

அப்பா அதோட நிறுத்தலை. "ஆனா ஒண்ணு. கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னால தாத்தா மாட்டை ஏரியில குளிப்பாட்டுவாரு. வாயைப் பொளந்து பாப்பாரு. குளம்பைத் தூக்கி லாடம் தேஞ்சிருக்கான்னு பாப்பாரு. கொம்பைச் சீவுவாரு. எல்லாம் முடிஞ்சாத்தான் பெயிண்ட் டப்பாவைத் தொறப்பாரு"ன்னார்.

நான் "சரிப்பா சரிப்பா"ன்னு சொல்லிட்டு எந்தக் கடையில எந்தச் சிவப்பு கிடைக்கும்னு மொபைல்ல தேடப் போயிட்டேன். அந்தக் காதுல வாங்கி இந்தக் காதுல விடற ஜாதி நாம.

பெயிண்ட் கூடாதுங்கற கோஷ்டி சொல்ற காரணங்களையும் பாத்துடலாம். நாலைஞ்சு நாள் இதையே படிச்சதுல தேறினது இது:

ஒண்ணு, "பெயிண்ட் அடிச்சா சூடு வெளிய போகாது, பிரேக் பிடிக்காது." இது பாதி வதந்தி. சூடு முக்கியமா பிறக்கறது டிஸ்க்லயும் பேட்லயும். அந்தச் சூட்டுல பெரும்பங்கை வெளியேத்தறதும் டிஸ்க்தான். கேலிப்பர் மேல மெல்லிசா ரெண்டு பூச்சு இருந்தா ஒண்ணும் கெட்டுப் போகாது. கம்பெனியிலயே பெயிண்ட் அடிச்ச கேலிப்பர் எத்தனையோ ஓடுது. ஆனா சூடு சாதாரணம் இல்லை. கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆயிரம் கிலோ வண்டி 80 கிலோமீட்டர் வேகத்துல வந்து ஒரு தடவை நின்னா கிட்டத்தட்ட 247 கிலோஜூல் சூடா மாறணும். முக்கால் லிட்டருக்கு மேலயே பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கற சூடு அது. வீட்ல எல்லாருக்கும் டீ போட்டுடலாம்! இதே வண்டி 40-ல வந்தா நாலுல ஒரு பங்குதான். வேகம் ரெட்டிப்பானா சூடு நாலு மடங்கு. அதனால கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கற சாதா எனாமலை இங்க அடிச்சா கருகும், உரியும். சூடு தாங்கற பெயிண்ட்தான் வேணும்.

ரெண்டு, "ஆர்.டி.ஓ. பிடிப்பான்." மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்லுது? ஆர்.சி.யில இருக்கற விவரங்கள், கம்பெனி கொடுத்த விவரங்களோட முரண்படற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. பாடி கலரை மாத்தினா ஆர்.சி.யில ஏத்தணும். ஆனா கேலிப்பர் என்ன கலர்னு எந்த ஆர்.சி.யிலயும் கிடையாது. இந்த பயம் தேவையில்லை.

மூணு, "எங்க படக்கூடாதோ அங்க பெயிண்ட் படும்." இதுதான் உண்மையான ஆபத்து. பிஸ்டன், அதைச் சுத்தி இருக்கற ரப்பர், வழுக்கற பின்னு, பேடு உக்கார்ற இடம், பிரேக் ஆயிலைக் கழிச்சு விடற நிப்பிள், டிஸ்க், பேடு. இதுல எதுலயும் ஒரு சொட்டு கூடப் படக் கூடாது. பட்டா நகர வேண்டியது நகராது, உரச வேண்டியது வழுக்கும்.

நாலாவதா என் சொந்தக் கருத்து. பெயிண்ட் அடிக்கச் சோம்பேறித்தனப்பட்டு, கேலிப்பர் மேல ஒட்டற சிவப்பு பிளாஸ்டிக் மூடி விக்கறாங்களே, அதை மட்டும் வாங்கிடாதீங்க. பெரிய பிரேக் மாதிரி தெரியும், மேலயே கம்பெனி பேரும் எழுதியிருக்கும். சூடாகற எடத்துக்குப் பக்கத்துல, சுத்தற சக்கரத்துக்குள்ள, பசை போட்டு ஒரு பிளாஸ்டிக்கை ஒட்டறதுக்குப் பேரு அலங்காரம் இல்லை. என்னிக்காவது பிச்சுக்கிட்டு வரும், அன்னிக்கு அது எங்க போய் மாட்டும்னு சொல்ல முடியாது.

ஆக, ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. எப்படி முடிவு பண்றது? உத்திரமேரூர்க்காரனுக்கு இதுல என்ன குழப்பம்? குடவோலைதான்!

எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பத்தி எல்லாரும் பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தகச் சோழன் காலம், 919, 921 வாக்குல வெட்டினது. பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவாங்க. நாங்களும் அப்படியே பண்ணினோம். ஓலைக்கு பதிலா பழைய காலண்டர்த் தாள். குடத்துக்கு பதிலா இட்லி மாவு டப்பா. தம்பி 'சிவப்பு', நான் 'சிவப்பு' (கள்ள ஓட்டு இல்லீங்க, கூட்டணி). தங்கமணி 'மஞ்சள்'. அம்மா, "பச்சை அடிடா, கண்ணுக்குக் குளிர்ச்சி"ன்னு 'பச்சை'. அப்பா 'வேணாம்'.

அக்கா பையன், நாலு வயசு, கையை விட்டு ஒண்ணை எடுத்தான். சிவப்பு!

நானும் தம்பியும் விசிலடிச்சோம். அப்பா சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னார். "டேய், குடவோலைன்னா யார் பேரை வேணா எழுதிப் போட்டுட முடியாது. முதல்ல தகுதி பாக்கணும். முப்பத்தஞ்சு வயசுக்கு மேல எழுபதுக்குள்ள இருக்கணும், சொந்த நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும். எல்லாத்தையும் விட முக்கியம், ஏற்கெனவே வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் நிக்கவே முடியாது. அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது. உன் பிரேக்கு கணக்கு காட்டுச்சா?"

வாத்தியார் புத்தி எங்க போகும்னு நெனச்சுக்கிட்டு, ஞாயித்துக்கெழமை காலையில ஜாக்கியைப் போட்டோம்.

இங்க ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். மூணு வாரம் முன்னாடி அம்மாவை செங்கல்பட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு சாலவாக்கம் வழியாத் திரும்பிக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் ஓட்டினவங்களுக்குத் தெரியும். கல்குவாரி டிப்பர் லாரிங்க வரிசையாப் போகும். ரோட்ல ஜல்லித் துணுக்கும் புழுதியும். சாயங்கால நேரம். முன்னாடி போன டிப்பர் சடார்னு நின்னுச்சு. நானும் முழுசா அழுத்தினேன். வண்டி நேரா நிக்கலை. இடது பக்கமா இழுத்துக்கிட்டுப் போய், ரோட்டை விட்டு எறங்கி, மண்ணுல அரை வட்டம் போட்டு நின்னுச்சு. லாரிக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கற எடம்தான் இருந்துச்சு. அந்தப் பக்கம் வாய்க்கால். அம்மா டேஷ்போர்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "மெதுவாப் போப்பா"ன்னாங்க. அவ்ளோதான்.

நான் லாரிக்காரனைத் திட்டினேன். ரோட்டைத் திட்டினேன். ஜல்லியில டயர் வழுக்கிடுச்சுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். உண்மை என்னன்னா, அதுக்கு முன்னாடியே கொஞ்ச நாளா பிரேக் அழுத்தினா வண்டி லேசா இடது பக்கம் இழுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. ரோடு சாய்வுன்னு விட்டுட்டேன். வீட்டுக்கு வந்து அன்னிக்கு ராத்திரி என்ன பண்ணினேன் தெரியுமா? கட்டில்ல படுத்துக்கிட்டு ரெண்டு சிவப்பு ஷேடை ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஃபிளாஷ்பேக் முடிஞ்சுது. ஞாயித்துக்கெழமைக்கு வருவோம்.

முதல்ல இடது முன் சக்கரம். கழட்டினோம், பாத்தோம், துரு தவிர எல்லாம் சரி. அப்புறம் வலது முன் சக்கரம். வெளிப்பக்கத்துப் பேடு புதுசு மாதிரி தடியா இருந்துச்சு. அலாய் வழியா நான் தினம் எட்டிப் பாத்துத் திருப்திப்பட்டுக்கிட்டது இந்தப் பேடைத்தான். தம்பி பழைய பிரஷ்ஷால புழுதியைத் தட்டிக்கிட்டே தலையை உள்ள விட்டவன், "அண்ணா, உள்பக்கம் பேடே இல்ல போல இருக்கே"ன்னான்.

நான் குனிஞ்சு பாத்தேன். உள்பக்கத்துல பேடுன்னு ஒரு சீவல்தான் இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா இரும்பு இரும்போட உரசியிருக்கும்.

பெயிண்ட் டப்பாவை மூடி வச்சுட்டு, சக்கரத்தை மாட்டிக்கிட்டு, ஊர்ந்து ஊர்ந்து தெரு முனையில இருக்கற மெக்கானிக் அண்ணாகிட்ட போனோம். அவர் கேலிப்பரைக் கழட்டி, பின்னைப் பிடிச்சு இழுத்தார். ஒண்ணு வந்துச்சு. இன்னொண்ணு அசையலை. சுத்தியால தட்டி, எண்ணெய் விட்டு, திருகி, அரை மணி நேரம் கழிச்சு வெளிய வந்துச்சு. கிரீஸ் காஞ்சு, துரு ஏறி, ரப்பர் உறை கிழிஞ்சு, உள்ள பூரா புழுதி.

"பின்னு பிடிச்சுக்கிச்சு தம்பி. கேலிப்பர் நகரல. உள் பேடு மட்டும் தனியா வேலை செஞ்சிருக்கு, வெளிப் பேடு சும்மா உக்காந்திருக்கு. வலது பக்கம் பாதி பிரேக்குதான் உனக்கு. அழுத்தினா இடது பக்கம் இழுத்திருக்குமே, கவனிக்கலியா?"ன்னார்.

நான் ஒண்ணும் சொல்லலை. மண்ணுல அரை வட்டம் போட்டு நின்ன வண்டியும், டேஷ்போர்டைப் பிடிச்ச அம்மா கையும்தான் கண்ணு முன்னால வந்துச்சு.

அவர் அதோட விடலை. பிரேக் ஆயில் டப்பாவைத் தொறந்து காட்டினார். டீ டிகாஷன் கலர். "எப்ப மாத்தினது?"ன்னார். நான் ஙேன்னு முழிச்சேன். வாங்கினதுலேர்ந்து நான் மாத்தவே இல்லை, எனக்கு வித்தவர் மாத்தினாரான்னும் தெரியாது. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கற ஜாதி. டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கணும்னு தர அளவு. ஈரம் ஏறின அப்புறம் அது 155 டிகிரிதான். மேல சொன்ன டீத்தண்ணி கணக்கை நெனச்சுப் பாருங்க. மலை எறக்கத்துல திரும்பத் திரும்ப அழுத்தினா ஆயிலே கொதிச்சு ஆவிக்குமிழ் வரும். குமிழை அழுத்தினா குமிழ்தான் அமுங்கும், பிஸ்டன் நகராது. கால் நேரா தரைக்குப் போகும். அதனாலதான் பல கம்பெனிங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. நாம இன்ஜின் ஆயிலைத் தேதி போட்டு மாத்துவோம், இதைக் கண்டுக்கவே மாட்டோம்.

முன்னாடி ரெண்டு பக்கமும் புதுப் பேடு, புதுப் பின்னு, புது ரப்பர் உறை, பிரேக்குக்குன்னே இருக்கற கிரீஸ், புது ஆயில், பின்னாடி டிரம்மைக் கழட்டி சுத்தம். எல்லாம் சேத்து ஆன செலவு, நான் அலாய் வீலுக்குக் கொடுத்ததுல ஒரு சின்னப் பங்கு. அந்தக் கணக்குதான் ரொம்ப வலிச்சுது.

கொஞ்சம் பெருமையும் வெக்கமும் சேந்த இன்னொரு விஷயம். பாடியில இருக்கற பிரேக்ஸ் இந்தியா 1962-லேர்ந்து பிரேக் பண்ணுது. வார்ப்பு இரும்புக்கு சோளிங்கர்ல ஃபவுண்டரி வச்சிருக்கு. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைன்னு கார் ஃபேக்டரிங்க நம்ம ஊருக்குப் பக்கத்துலயே நிக்குது. தெருவுக்கு ஒருத்தர் ஆட்டோமொபைல் கம்பெனியில ஷிஃப்ட் போறாங்க. இவ்ளோ இருந்தும், நாம கார்ல கண்ணுக்குத் தெரியறதுக்குத்தான் காசை எடுக்கறோம். சீட் கவர், ஸ்பீக்கர், அலாய், ஸ்டிக்கர். தெரியாததுக்கு "சத்தம் வந்தா பாத்துக்கலாம்." எனக்கு சத்தம் கூட வரலை மக்களே. ஒரு பேடு தடியா இருந்து இன்னொண்ணை மறைச்சுது, அவ்ளோதான்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். கேலிப்பருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம். தாராளமா. சிவப்பு அடிச்சா பொய்யின்னு சொல்றவங்க கட்சியில நான் இல்லை. மாட்டுக் கொம்புல சிவப்பு இருக்கறதால மாடு யாரையும் ஏமாத்தலை. ஆனா சக்கரத்தைக் கழட்டினதும் கை முதல்ல பிரஷ்ஷுக்குப் போகக் கூடாது. உள் பேடு எவ்ளோ இருக்கு, பின்னு ரெண்டும் விரலால தள்ளினா நகருதா, ரப்பர் கிழிஞ்சிருக்கா, ஆயில் எப்ப மாத்தினது, இதெல்லாம் தெரியாத வண்டிக்குக் கலர் கிடையாது. என்னைக் கேட்டா பெயிண்ட் அடிக்கறதுல இருக்கற பெரிய லாபமே, அந்தச் சாக்குல நாம ஒரு தடவை சக்கரத்தைக் கழட்டிப் பாக்கறோம்கறதுதான். எனக்குச் சிவப்பு ஆசை வரலைன்னா நான் உள்ள எட்டிப் பாத்திருக்கவே மாட்டேன்.

அடிக்கறதா முடிவு பண்ணினவங்களுக்கு ரெண்டு மூணு குறிப்பு. ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, கீழ ஸ்டாண்டு வைங்க. கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, பிரேக் கிளீனர் அடிச்சு எண்ணெய்ப் பிசுக்கு போக வைங்க. மேல சொன்ன எடத்தையெல்லாம் டேப் ஒட்டி மறைங்க. ஒரே தடவையா அப்பாம மெல்லிசா ரெண்டு மூணு பூச்சு. கேலிப்பரைக் கழட்டினா பிரேக் ஹோஸ்லயே தொங்க விடாதீங்க, கம்பியில கட்டித் தொங்க விடுங்க. பிரேக் ஆயில் சொட்டினா உடனே தொடைங்க, பெயிண்டைத் தின்னுடும். எல்லாம் மாட்டினப்புறம், வண்டியை நகத்தறதுக்கு முன்னாடி, பெடல் கெட்டியாகற வரைக்கும் நாலஞ்சு தடவை மிதிங்க. முதல் மிதியில பெடல் உள்ள போகும், அதைத் தெருவுக்கு வந்து தெரிஞ்சுக்காதீங்க. இதையெல்லாம் செஞ்சு பழக்கம் இல்லைன்னா மெக்கானிக்கைப் பக்கத்துல வச்சுக்கங்க. இது வெள்ளையடிக்கற வேலை இல்லை.

எங்க வண்டி? துரு ஏறாம இருக்க சூடு தாங்கற கறுப்பு ஒரு பூச்சு அடிச்சு வச்சிருக்கு. அலாய் வழியா பாத்தா கண்ணுக்கே தெரியலை. தம்பி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான். குடவோலையில ஜெயிச்ச சிவப்பு என்ன ஆச்சுன்னு கேக்கறான். தகுதி இல்லாம நின்னதால அந்தத் தேர்தல் செல்லாதுன்னு அப்பா தீர்ப்பு சொல்லிட்டார். அந்தக் காலத்துல வாரியத்துக்கு 360 நாள்தான் பதவி. அது மாதிரி கறுப்புக்கும் ஒரு வருஷம். அடுத்த மாட்டுப் பொங்கல் தாண்டி சக்கரத்தைக் கழட்டி, பேடு ரெண்டும் சமமாத் தேஞ்சிருந்தா, அன்னிக்கு சிவப்பு டப்பாவைத் தொறக்கலாம்னு ஒப்பந்தம்.

நேத்து அம்மாவைக் கூட்டிட்டு அதே சாலவாக்கம் ரோட்ல போனேன். முன்னாடி பின்னாடி யாரும் இல்லாத எடமாப் பாத்து, சொல்லிட்டு ஒரு தடவை அழுத்தினேன். வண்டி நேரா நின்னுச்சு. அம்மா, "என்னப்பா, பெயிண்ட் அடிச்சியே, இப்ப நல்லாப் பிடிக்குது"ன்னாங்க.

நான் ஒண்ணும் விளக்கம் சொல்லலை.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "நம்ம வண்டி நல்லாத்தான் இருக்கு"ன்னு நெனக்கறீங்களா? உள்பக்கத்துப் பேடை எப்ப பாத்தீங்கன்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. பாத்ததே இல்லைன்னாலும் சொல்லுங்க, சங்கத்துல எடம் இருக்கு. தலைவர் நான்தான். :-))